உஸ்பெகிஸ்தானின் பழைய நகரங்களுக்குப் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சமர்கண்ட், புகாரா, கிவா என்ற மூன்று பழைய நகரங்களையும் தலைநகர் தாஷ்கண்டையும் சொந்தமாகத் திட்டமிட்டுப் பார்க்க நினைப்பவர்களுக்காக எழுதப்பட்டது இது. பயண நிறுவனத்தின் தொகுப்பில் போகிறவர்களுக்கும் சமர்கண்டில் எப்போது எங்கே நிற்பது என்ற பகுதி உதவும்.

மொத்தம் எத்தனை நாள் வேண்டும்?

மூன்று நகரங்களையும் பார்க்க எட்டு இரவுகள் ஒதுக்குங்கள். கிவாவில் இரண்டு, புகாராவில் மூன்று, சமர்கண்டில் இரண்டு, தாஷ்கண்டில் ஒன்று. ஐந்து இரவுதான் இருக்கிறது என்றால் கிவாவை விட்டுவிடுங்கள். ஐந்து நாளில் மூன்றையும் முடித்துவிடலாம் என்று போடப்படும் திட்டங்களில் பாதிப் பகல் ரயிலிலும் டாக்ஸியிலும் போய்விடும். இந்த ஊர்களின் அழகு காலை ஏழரைக்கும் மாலை ஆறுக்கும்தான் தெரியும். பகல் பதினொன்றுக்கு வந்து மாலை நான்குக்குக் கிளம்புகிறவருக்கு அது கிடைக்காது. ஆகவே ஒரு ஊருக்கு எத்தனை பகல் என்று எண்ணாமல் எத்தனை இரவு என்று எண்ணுங்கள்.

எந்த ஊரில் தொடங்குவது நல்லது?

பெரும்பாலோர் தாஷ்கண்டில் இறங்கி, சமர்கண்ட், புகாரா, கிவா என்று மேற்கே போகிறார்கள். தலைகீழாகச் செய்யச் சொல்வோம். தாஷ்கண்டில் இறங்கியதும் உள்நாட்டு விமானத்தில் உர்கெஞ்ச் போய்விடுங்கள். ஒன்றரை மணி நேரப் பறப்பு. உர்கெஞ்ச் விமான நிலையத்திலிருந்து கிவா சுமார் 35 கிலோமீட்டர். அங்கிருந்து புகாரா, சமர்கண்ட், தாஷ்கண்ட் என்று கிழக்கே திரும்பி வரலாம்.

காரணம் இரண்டு. கிவாதான் மிகத் தொலைவில் இருப்பது. நெடும்பயணத்தை உடம்பில் தெம்பு இருக்கும்போதே முடித்துவிட்டால், புகாராவுக்குப் பிறகு மிச்சமுள்ள ரயில் பயணங்கள் எல்லாம் குறுகியவை. ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாட்களில் தாஷ்கண்டுக்குப் பக்கத்திலேயே இருப்பீர்கள், ஒரு ரயில் தவறினாலும் விமானம் தவறாது. இரண்டாவது காரணம் கண்ணுக்கானது. கிவா சிறியது, மண் நிறமானது, ஒரு மதிலுக்குள் அடங்கியது. சமர்கண்ட் பிரம்மாண்டம். சமர்கண்டை முதலில் பார்த்துவிட்டுக் கிவா போகிறவர்கள் கிவாவைக் குறைத்து மதிப்பிட்டுவிடுகிறார்கள். அது அந்த ஊருக்கு நியாயமில்லை.

எந்த மாதம் போகலாம்?

ஏப்ரல், மே, செப்டம்பர் பாதியிலிருந்து அக்டோபர் கடைசி வரை. ஜூன் 25 முதல் ஆகஸ்ட் 5 வரை உள்ள நாற்பது நாளை அங்கே ‘சில்லா’ என்பார்கள், நம் கத்திரி வெயில்போல. வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். கிவாவின் மண் சுவர்களுக்கு நடுவே நிழலே கிடைக்காது. ‘நமக்குப் பழகிய வெயில்தானே’ என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அங்கே ஈரப்பதம் இல்லை, வியர்ப்பது தெரியாமலே உடம்பு வற்றிவிடும்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைநிலைக்குக் கீழே போகும். கூட்டம் இருக்காது, அறை வாடகை குறையும், அதிர்ஷ்டம் இருந்தால் நீலக் குவிமாடத்தில் பனி படிந்திருப்பதைப் பார்க்கலாம். ஆனால் பகல் குறுகியது. மார்ச் 21 நவ்ரூஸ் பண்டிகை. அந்த வாரம் உள்ளூர் மக்களே பெருமளவில் பயணம் செய்வார்கள் என்பதால் ரயிலில் இடம் கிடைப்பது கடினம்.

விசா எப்படி வாங்குவது?

இந்தியக் கடவுச்சீட்டுக்கு மின்விசா உண்டு. அரசின் இ-விசா தளத்தில் விண்ணப்பம், கடவுச்சீட்டின் முதல் பக்கப் படம், ஒரு புகைப்படம், அட்டையில் கட்டணம். ஒருமுறை நுழையும் விசாவுக்கு 20 டாலர். 30 நாள் தங்கலாம். வழக்கமாக மூன்று வேலை நாளில் மின்னஞ்சலில் வரும் என்றாலும் இரண்டு வாரம் முன்பே போட்டுவிடுங்கள். மலேசிய, சிங்கப்பூர் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு 30 நாள் வரை விசாவே வேண்டாம். மற்றவர்கள் அதே தளத்தில் உள்ள நாடுகளின் பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தமிழர்களுக்குச் சிக்கல் வரும் இடம் பெயர்தான். முதலெழுத்து மட்டும் உள்ளவர், குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக உள்ளவர், அப்பா பெயர் பின்னால் வருபவர் என்று நம் கடவுச்சீட்டுகள் பலவிதம். பக்கத்தின் அடியில், அம்புக்குறிகளோடு இரண்டு வரி அச்சாகியிருக்கும். இயந்திரம் படிப்பது அதைத்தான். அந்த வரியில் பெயர் எந்த வரிசையில், எந்த எழுத்துக்கூட்டலில் இருக்கிறதோ அதையே விசா, விமானச் சீட்டு, ரயில் டிக்கெட் மூன்றிலும் போடுங்கள். ஒன்றில் முதலெழுத்தை விரித்து எழுதி இன்னொன்றில் சுருக்கி எழுதினால் ரயில் நிலைய வாசலிலேயே கேள்வி வரும்.

விசா வந்ததும் கடவுச்சீட்டு எண்ணை ஒவ்வொரு எழுத்தாகச் சரிபாருங்கள். பூஜ்யத்தையும் ‘ஓ’ எழுத்தையும் மாற்றிப் போடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. தவறான விசாவைத் திருத்தித் தர மாட்டார்கள் என்றே எடுத்துக்கொண்டு புதிதாக விண்ணப்பியுங்கள்.

ரயில் டிக்கெட் பற்றி விளக்கமாகச் சொல்லுங்கள்.

திட்டத்தின் முதுகெலும்பே இதுதான். முதலில் ரயில், பிறகு விடுதி. மாற்றிச் செய்தால் பணம் கட்டிய அறை ஓர் ஊரிலும் நீங்கள் இன்னோர் ஊரிலும் இருப்பீர்கள்.

2011 முதல் ஓடும் அதிவேக ரயிலின் பெயர் அஃப்ராசியாப். ஸ்பெயினில் செய்த டால்கோ வண்டி, மணிக்கு 250 கிலோமீட்டர் வரை போகும். தாஷ்கண்டிலிருந்து சமர்கண்ட் 344 கிலோமீட்டர், இரண்டே கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். புகாராவுக்கு நான்கு மணி நேரத்தை ஒட்டி. வசதியாக இருக்கும், விலையும் மிதம். அதனால்தான் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. வழக்கமாகப் புறப்பாட்டுக்கு 45 நாள் முன்பு விற்பனை திறக்கும். ஏப்ரல், மே, அக்டோபரில் பயணக் குழுக்கள் மொத்தமாக வாங்கிவிடும் என்பதால், திறந்த ஒன்றிரண்டு நாளிலேயே எடுத்துவிடுங்கள். உஸ்பெகிஸ்தான் ரயில்வேயின் தளத்திலும் செயலியிலும் எடுக்கலாம். வெளிநாட்டு அட்டையை ஏற்காமல் திருப்பினால் வேறொரு வங்கியின் அட்டையைப் போட்டுப் பாருங்கள். பல நேரம் தடை உங்கள் வங்கியின் வெளிநாட்டுப் பரிவர்த்தனைப் பூட்டில்தான் இருக்கும், அதை முன்பே திறந்து வையுங்கள்.

அஃப்ராசியாப் கிடைக்கவில்லை என்றால் பதற வேண்டாம். அதே தண்டவாளத்தில் ‘ஷர்க்’ ஓடுகிறது. வேகம் குறைவு, ஆனால் நல்ல ரயில். தொலைதூர ரயில்களிலும் சமர்கண்ட்–புகாரா இடையே இடம் கிடைக்கும். படுக்கை வண்டிகளில் மூன்று வகை. ‘பிளாட்ஸ்கார்ட்’ என்பது கதவில்லாத திறந்த பெட்டி, ‘குபே’ நான்கு பேர் அறை, ‘எஸ்வே’ இரண்டு பேர் அறை. குடும்பமாகப் போகிறவர்களுக்கு குபே பொருத்தம்.

இனி, வழக்கமாகத் தவறு நடக்கும் மூன்று இடங்கள். தாஷ்கண்டில் இரண்டு ரயில் நிலையங்கள் உண்டு. டிக்கெட்டில் ‘ஷிமோலி’ என்றிருந்தால் வடக்கு, ‘ஜனூபி’ என்றிருந்தால் தெற்கு. டாக்ஸி ஓட்டுநரிடம் ‘ரயில்வே ஸ்டேஷன்’ என்று மட்டும் சொன்னால் வடக்குக்குத்தான் கொண்டுபோவார். உங்கள் வண்டி தெற்கிலிருந்து கிளம்புவதாக இருந்தால் கதை முடிந்தது. அடுத்தது, புகாரா நிலையம் புகாராவில் இல்லை. சுமார் 15 கிலோமீட்டர் தள்ளி ககான் என்ற ஊரில் இருக்கிறது. டாக்ஸிக்கு அரை மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, நிலையத்துக்குள் நுழையவே கடவுச்சீட்டும் டிக்கெட்டும் வேண்டும், பெட்டியை ஸ்கேன் செய்வார்கள். ரயில் வரும் நேரத்துக்கு ஓடிப்போய் ஏறும் நம் பழக்கம் அங்கே உதவாது. 40 நிமிடம் முன்பே வாசலில் இருங்கள்.

கிவாவிலிருந்து புகாராவுக்கு ரயிலா, காரா?

இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே நேரம்தான், ஆறு முதல் ஏழு மணி. 2018 டிசம்பரில் கிவாவுக்கே ரயில் வந்துவிட்டது. நிலையத்திலிருந்து பழைய நகரின் கிழக்கு வாசலுக்கு நேர்ச்சாலையில் நடந்தே போகலாம். ரயிலில் சாய்ந்து படுக்கலாம் என்பதால் எங்கள் ஓட்டு ரயிலுக்கு. கார் என்றால் கிசில்கூம் பாலைவனத்தின் வழியே 450 கிலோமீட்டர் ஓட்டம். வழியில் சாப்பாடும் கழிப்பறையும் அரிது. நான்கு பேர் சேர்ந்தால் செலவு கட்டுப்படியாகும். தண்ணீர், பழம், ரொட்டி எல்லாம் கிவாவிலேயே வாங்கி ஏற்றிக்கொள்ளுங்கள்.

பணம் எப்படிக் கொண்டுபோவது?

நாணயம் சோம். ஒரு டாலருக்கு 12,000 சோமை ஒட்டிக் கிடைக்கும், ஆகவே இருநூறு டாலர் மாற்றினாலே கையில் இருபது லட்சத்துக்கு மேல் இருக்கும். முதல் இரண்டு நாள் சுழியங்களில் குழப்பம் வரும். 10,000 நோட்டையும் 1,00,000 நோட்டையும் மாற்றிக் கொடுத்துவிடாமல் தனித்தனியாக வையுங்கள்.

டாலர் நோட்டு புதிதாக, மடிப்போ மையோ கிழிசலோ இல்லாமல் இருக்க வேண்டும். நம் ஊரில் சாதாரணமாகப் போகும் ஒரு சிறு பேனாக் கோடு போதும், அங்கே வங்கியில் திருப்பிவிடுவார்கள். ஊரில் டாலர் வாங்கும்போதே ஒவ்வொரு நோட்டாகப் பார்த்து வாங்குங்கள். தெருவில் மாற்றிய காலம் போய்விட்டது. 2017-இல் நாணய விதிகள் தளர்ந்த பிறகு வங்கி விலையே சரியான விலை. விசா, மாஸ்டர்கார்டு ஏற்கும் ஏடிஎம்கள் எல்லாச் சுற்றுலா ஊர்களிலும் உண்டு. கிவாவில் மட்டும் பணம் தீர்ந்துபோன இயந்திரம் எதிர்ப்படலாம். சிறு விடுதிகளும் சந்தையும் ரொக்கம்தான் கேட்கும்.

‘ரெஜிஸ்ட்ரேஷன் சீட்டு’ என்கிறார்களே, அது என்ன?

வெளிநாட்டவர் எங்கே தங்கினாலும் மூன்று நாளுக்குள் அந்த முகவரியில் பதிவாக வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். விடுதிகள் உங்கள் கடவுச்சீட்டைப் பார்த்துத் தாங்களே இணையத்தில் பதிந்துவிடும். கிளம்பும்போது ஒரு சிறு சீட்டைக் கேட்டு வாங்கி, ஊர் திரும்பும்வரை வைத்திருங்கள். நண்பர் வீட்டிலோ வாடகை வீட்டிலோ தங்கினால் வீட்டுக்காரர்தான் பதிய வேண்டும். முன்பணம் கட்டுவதற்கு முன்பே ‘பதிந்து தருவீர்களா’ என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள். இரவு ரயிலில் கழிந்த நாளுக்கு டிக்கெட்டே சான்று, அதையும் எறிய வேண்டாம்.

சமர்கண்டில் எதை எப்போது பார்ப்பது?

ரெஜிஸ்தானில் தொடங்குவோம். ஒரு சதுக்கம், மூன்று மதரசாக்கள். மேற்கே அரசன் உலூக் பேக் கட்டியது (1417–1420). கிழக்கே ஷேர்தோர் (1619–1636). வடக்கே தில்லாகாரி (1646–1660). தெற்குப் பக்கம் திறந்திருக்கும். இந்தத் திசைகளை மனத்தில் வைத்துக்கொண்டால் நேரம் தானாகப் புரியும். மேற்கே உள்ள உலூக் பேக் மதரசாவின் முகம் கிழக்கைப் பார்க்கிறது, ஆகவே காலை வெயில் அதன் மேல்தான் விழும். ஷேர்தோர் மேற்கைப் பார்ப்பதால் அதற்கு மாலை வெயில். நடுப்பகலில் போய்ப் படம் எடுத்துவிட்டு ‘போஸ்ட் கார்டில் இருப்பதுபோல இல்லையே’ என்று வருந்துகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான். ஷேர்தோரின் வளைவில் மானைத் துரத்தும் புலிகளையும், அவற்றின் முதுகிலிருந்து எழும் மனித முகம் கொண்ட சூரியனையும் மாலை நான்கரைக்கு மேல் பாருங்கள்.

தில்லாகாரிக்குள் கட்டாயம் போங்கள். வெளியே மூன்றிலும் எளிமையானது, உள்ளே மசூதியின் கூரை முழுக்கப் பொன். கூரை தட்டையானது என்றாலும் ஓவிய வடிவங்கள் நடுவை நோக்கிச் சிறுத்துக்கொண்டே போவதால் குழிந்த குவிமாடம்போலத் தெரியும்.

ஷாஹி ஸிந்தாவுக்கு காலை எட்டுக்கே போய்விடுங்கள். குன்றின்மேல் ஏறும் ஒரு சந்து, இருபுறமும் கல்லறை மண்டபங்கள். நபிகள் நாயகத்தின் உறவினரான குஸாம் இப்னு அப்பாஸின் நினைவிடம் என்பதால் இன்றும் யாத்திரைத் தலம். உள்ளூர்ப் பெண்கள் உட்கார்ந்து துஆ கேட்டுக்கொண்டிருப்பார்கள், அவர்கள் முன்னால் நின்று படம் எடுக்காதீர்கள்.

பீபி கானும் மசூதியும் சியாப் சந்தையும் அடுத்தடுத்து உள்ளன. 1398-இல் டில்லியைச் சூறையாடித் திரும்பிய தைமூர் அடுத்த ஆண்டே தொடங்கிய கட்டடம் இது. இந்தியாவிலிருந்து ஓட்டிவந்த யானைகள் இங்கே கல் இழுத்தன. குர் எமிரில் தைமூரின் கல்லறை, அடர்பச்சை ஜேட் கல் பலகைக்குக் கீழே. அவருடைய குருவின் காலடியில் புதைக்கப்பட்டிருக்கிறார். அங்கே மாலையில் விளக்கேற்றிய பிறகு போவதே நல்லது.

உலூக் பேக்கின் வானாய்வுக் கூடம் கொஞ்சம் தள்ளி இருக்கிறது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். தைமூரின் பேரன், அரசன், கணித அறிஞன். சுமார் 40 மீட்டர் ஆரமுள்ள வளைகோணமானியைப் பாறைக்குள் இறக்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் இடத்தை அளந்து 1437-இல் பட்டியலிட்டார். மேல்கட்டடம் இடிந்து மண்மூடிப்போய், 1908-இல்தான் அதன் அடிப்பகுதி கண்டெடுக்கப்பட்டது. பாறைக்குள் வளைந்து இறங்கும் அந்த இரட்டைத் தண்டவாளத்தை மேலிருந்து எட்டிப் பார்க்கும்போது, வானத்தை அளக்க ஒருவர் பூமியைத் தோண்டியிருக்கிறார் என்பது மெய்சிலிர்க்க வைக்கும்.

எல்லாம் புதிதாகக் கட்டியதுபோல இருக்கிறதே? அசல் எது?

நியாயமான கேள்வி. பீபி கானும் பெருமளவு இடிந்து கிடந்தது, 1897 நிலநடுக்கம் இன்னும் சாய்த்தது. இன்று நீங்கள் பார்ப்பதில் பெரும்பகுதி சோவியத் காலத்திலும் அதற்குப் பின்னும் எழுப்பியது. தில்லாகாரியின் நீலக் குவிமாடம் இருபதாம் நூற்றாண்டில் வைத்தது. உலூக் பேக் மதரசாவின் சாய்ந்த மினாரா ஒன்றைப் பொறியாளர் ஷூகோவின் திட்டப்படி 1932-இல் நிமிர்த்தினார்கள்.

அசலைத் தேட வேண்டிய இடம் ஷாஹி ஸிந்தா. அதிலும் 1372-இல் கட்டிய ஷாதி முல்க் ஆகாவின் மண்டபத்துக்குப் போய் ஓட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் நில்லுங்கள். பழைய மெருகில் நீலம் ஒரே சீராக இருக்காது. ஓர் ஓட்டிலேயே ஓரம் கறுத்து நடு வெளுத்திருக்கும், மேலே மயிரிழைபோல வெடிப்புகள் ஓடும். புதியது பிளாஸ்டிக்போல ஒரே மாதிரி மின்னும்.

இன்னொரு சோதனை. பூவேலைப்பாட்டில் இணைப்புக் கோடு எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். இதழின் விளிம்பை ஒட்டியே கோடு வளைந்து போனால், ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனி ஓட்டிலிருந்து வெட்டிப் பொருத்திய மொசைக். பூவின் நடுவே நேர்க்கோடு சதுரமாக வெட்டிப் போனால், சதுர ஓட்டில் வரைந்து சுட்டது. முதல் வகைக்குப் பல மடங்கு உழைப்பு. இந்த வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபட்டுவிட்டால் மிச்சமுள்ள எல்லாச் சுவர்களும் பேச ஆரம்பித்துவிடும்.

புகாராவுக்கு ஏன் மூன்று இரவு?

புகாரா சேர்த்துவைத்த நினைவுச்சின்னங்களின் வரிசை அல்ல, நடந்து திரிய வேண்டிய ஊர். லபி ஹவுஸ் குளக்கரையில் விடுதி எடுத்தால் எல்லாமே நடைதூரம். ‘ஹவுஸ்’ என்றால் குளம். ஒரு காலத்தில் ஊர் முழுக்கக் குளங்கள் இருந்தன, அதுதான் குடிநீர். அதனாலேயே நரம்புச் சிலந்தி நோய் புகாராவைப் பிடித்து ஆட்டியது. சோவியத் ஆட்சியில் பெரும்பாலானவற்றை வற்றடித்துவிட்டார்கள். லபி ஹவுஸ் மிஞ்சியது.

1127-இல் கட்டிய கலோன் மினாரா சுமார் 46 மீட்டர் உயரம். கலோன் என்றால் தாஜிக் மொழியில் ‘பெரியது’. 1220-இல் செங்கிஸ்கானின் படை ஊரை எரித்தபோதும் அது தப்பியது, 1920-இல் செஞ்சேனையின் குண்டுவீச்சில் அடிபட்டுப் பழுதுபார்க்கப்பட்டது. அருகில் உள்ள மிர் இ அரப் மதரசாவில் இன்றும் மாணவர்கள் படிக்கிறார்கள், வாசல் மண்டபத்தோடு நின்றுகொள்ள வேண்டும்.

நேரம் இருக்கும் யாரும் தவறவிடக் கூடாதது சாமானித் அரச குலத்தின் சமாதி. பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பக்கத்துக்கு ஏறக்குறைய 10 மீட்டர் உள்ள ஒரு கனசதுரம், மேலே ஒரு குவிமாடம். வண்ண ஓடு ஒன்றுகூட இல்லை. வெறும் சுட்ட செங்கல்லைப் படுக்கவைத்து, நிறுத்தி, சாய்த்து, கூடை முடைந்ததுபோல அடுக்கியிருக்கிறார்கள். சாய்ந்த வெயிலில் ஒவ்வொரு கல்லும் தன் நிழலைப் பக்கத்துக் கல்மீது போடும். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை போனால் இரண்டு வேறு கட்டடங்களைப் பார்ப்பீர்கள்.

கூரையிட்ட பழைய சந்தைகளில் ஒன்றின் பெயர் டோகி சராஃபோன், நாணயம் மாற்றுவோரின் குவிமாடம். தமிழில் ‘சராப்’ என்று நாம் சொல்வதும் இதே அரபுச் சொல்தான்.

கிவாவில் டிக்கெட் முறை எப்படி?

மதிலுக்குள் இருக்கும் இச்சன் காலாவில் பெரும்பாலான இடங்களுக்குச் சேர்த்து ஒரே சீட்டு, மேற்கு வாசலில் கிடைக்கும். இஸ்லாம் ஹோஜா மினாராவில் ஏறவும், பஹ்லவான் மஹ்மூத் நினைவிடத்துக்கும் தனிக் கட்டணம். சூரியன் மறையும்போது கூன்யா அர்க் கோட்டையின் காவல் மேடையில் நில்லுங்கள். பாதியில் நின்றுபோன தடித்த நீல மினாராவான கல்தா மினோரும் மொத்த ஊரும் அங்கிருந்து தெரியும். அதைத் தொடங்கிய முகம்மது அமீன் கான் 1855-இல் போரில் இறந்ததால் வேலை 29 மீட்டரில் நின்றது. ஜுமா மசூதிக்குள் இருநூறுக்கும் மேற்பட்ட மரத்தூண்கள், ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. இருட்டுக்குக் கண் பழக ஐந்து நிமிடம் கொடுங்கள்.

ஷாரிசப்ஸ் போகலாமா?

தைமூர் பிறந்த மண். சமர்கண்டிலிருந்து மலைக்கணவாய் வழியாக ஒருநாள் பயணம். அக் சராய் அரண்மனையின் உடைந்த வாயில்தூண்கள் உண்மையிலேயே பிரமிக்க வைக்கும், அவற்றில் பழைய ஓடும் நிறைய மிஞ்சியிருக்கிறது. ஆனால் ஊரின் நடுவே இருந்த பழைய குடியிருப்புகளை இடித்துப் பூங்காவாக்கிவிட்டார்கள். அதனால்தான் யுனெஸ்கோ 2016-இல் அதை ஆபத்தில் உள்ள பாரம்பரியத் தலங்களின் பட்டியலில் சேர்த்தது. சமர்கண்டில் மூன்றாவது நாள் கைவசம் இருந்தால் மட்டும் போங்கள்.

சைவ உணவு கிடைக்குமா?

கிடைக்கும், கேட்டு வாங்கத் தெரிய வேண்டும். ‘இறைச்சி இல்லாமல்’ என்பதற்கு உஸ்பெக்கில் ‘கோஷ்ட்சிஸ்’, ரஷ்ய மொழியில் ‘பெஸ் மியாசா’. ஆனால் அங்கே இறைச்சித் துண்டு இல்லாவிட்டாலே சைவம்தான் என்று நினைப்பார்கள். சூப்பின் அடிநீர் ஆட்டெலும்பில் காய்ச்சியதாக இருக்கும். புலாவ் (அங்கே ‘ஓஷ்’) ஆட்டிறைச்சியோடு, பல இடங்களில் செம்மறியாட்டு வால்கொழுப்பிலேயே வேகும். மேலே உள்ள இறைச்சியை எடுத்துவிட்டுத் தருகிறேன் என்றால் சைவர்கள் மறுத்துவிடுங்கள்.

நம்பிச் சாப்பிடக்கூடியவை: தந்தூரில் சுட்ட நான், தக்காளி வெங்காயத்தை மெலிதாக அரிந்த அச்சிச்சுக், பூசணிக்காய் வைத்த சோம்சா, பூசணி வைத்து ஆவியில் வேகவைத்த மன்டிக் கொழுக்கட்டை. சோம்சா நம் சமோசாவின் உறவுதான், ஆனால் எண்ணெயில் பொரிக்காமல் தந்தூர் சுவரில் ஒட்டிச் சுடுவார்கள். முட்டை சாப்பிடுகிறவர்களுக்குக் கிவாவில் துஹும் பராக் (மாவுக்குள் முட்டை வைத்து வேகவைத்தது) அருமையானது. விடுதியில் காலை உணவு தாராளமாக இருக்கும், அதையே பெரிய வேளையாக வைத்துக்கொள்ளுங்கள். காரம் தேடினால் ஊறுகாயும் பொடியும் கையோடு இருக்கட்டும்.

அசைவர்களுக்கு ஒரு குறிப்பு: நல்ல ஓஷ் மதிய உணவு. பெரிய கடாயில் ஒரே தடவைதான் சமைப்பார்கள், இரண்டு மணிக்கு மேல் போனால் அடிச்சட்டிதான் மிஞ்சும். குழாய்த் தண்ணீர் வேண்டாம், புட்டித் தண்ணீர் அல்லது பச்சைத் தேநீர். நானை மேசையில் கவிழ்த்து வைப்பது அங்கே மரியாதைக் குறைவு.

வயதான பெற்றோரை அழைத்துப் போகலாமா?

தாராளமாக. ரெஜிஸ்தானும் லபி ஹவுஸும் சமதளம். சிரமம் தரக்கூடியவை மூன்று: ஷாஹி ஸிந்தாவின் நுழைவுப் படிக்கட்டு (செங்குத்து, நாற்பதை ஒட்டிய படிகள்), கிவாவின் மினாரா (குறுகிய இருட்டுச் சுழல்படி, ஒவ்வொன்றும் முழங்கால் உயரம்), பழைய வீடுகளை மாற்றிய விடுதிகளில் மாடி அறை. லிஃப்ட் இருக்காது என்றே எடுத்துக்கொண்டு, பதிவு செய்யும்போதே கீழ்த்தள அறை கேளுங்கள். ஊருக்குள் போக யாண்டெக்ஸ் டாக்ஸிச் செயலி தாஷ்கண்ட், சமர்கண்ட், புகாராவில் நன்றாக வேலை செய்கிறது, பேரம் பேச வேண்டியதில்லை.

எதைக் கொண்டுபோகக் கூடாது?

டிரோன். அனுமதி இல்லாமல் கொண்டுபோனால் விமான நிலையத்திலேயே பறித்து வைப்பார்கள். மருந்திலும் கண்டிப்பு அதிகம். கோடின் கலந்த இருமல் மருந்து, டிரமடால், தூக்க மாத்திரை, மனநல மருந்துகள் ஆகியவற்றுக்குக் கட்டுப்பாடு உண்டு. மருத்துவர் சீட்டு இல்லாமல், அட்டையிலிருந்து பிரித்துப் போட்ட மாத்திரையாகக் கொண்டுபோகாதீர்கள். மூலக்கூறின் பெயர் ஆங்கிலத்தில் உள்ள சீட்டு, முழு அட்டை, பயண நாட்களுக்கான அளவு மட்டும்.

தாஷ்கண்டில் ஒரு நாள் போதுமா?

போதும். 1966 ஏப்ரல் 26-இல் நிலநடுக்கம் பழைய நகரின் பெரும்பகுதியைத் தரைமட்டமாக்கிவிட்டதால் பழைமை குறைவு. சோர்சு சந்தை, பழைமையான குர்ஆன் பிரதி உள்ள ஹஸ்ரத் இமாம் வளாகம், இவற்றோடு மெட்ரோ. 1977-இல் திறந்த அந்த மெட்ரோவில் 2018 வரை படமெடுக்கவே தடை இருந்தது. ஒரே சீட்டில் நான்கைந்து நிலையங்களில் இறங்கி ஏறுங்கள், ஒவ்வொன்றும் வேறு அலங்காரம். அலிஷேர் நவாயி நிலையத்தின் குவிமாடக் கூரைகளைக் கட்டாயம் பாருங்கள்.

பழைய பொருள், கம்பளம் வாங்கி வரலாமா?

புதிய சூசனித் துணி (கையால் பூத்தையல் போட்டது), பீங்கான், பட்டு எல்லாம் தாராளமாக வாங்கலாம். ஐம்பது ஆண்டுக்கு மேல் பழையது என்றால் கலாசாரத் துறையின் சான்றிதழ் இல்லாமல் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. கடைக்காரர் ‘நூறு வருஷப் பழைய சூசனி’ என்று சொல்லி விற்றால், சான்றிதழ் கையில் வந்த பிறகே பணம் கொடுங்கள். பழையதில்லாத பொருளுக்கும் விலை, வாங்கிய தேதி, ‘புதிதாகச் செய்தது’ என்ற வரி மூன்றும் உள்ள ரசீது கேட்டு வாங்கிக் கைப்பையில் வையுங்கள். சுங்கத்தில் கேட்கும்போது அது உள்ளே போட்ட பெரிய பெட்டிக்குள் இருந்தால் பயனில்லை.